ஐதாளரின் பத்து விரல்கள்

எங்கள் சதானந்த ஐதாளர் கணினியில் தட்டத் தொடங்கினால் அரபிக் கடல் அலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கடல் நிற்காது, பிரம்மாவர் சந்தைக்குப் போகும் மீன்காரிகள் நிற்பார்கள்.

வங்கியில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. பகலில் பேரேடு, சாயங்காலமானால் யட்சகானக் கூத்து மேடையில் மத்தளம். இருபது வருஷமாகப் பாடகரின் பக்கத்தில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது.

தொண்ணூற்று நான்கில் எங்கள் கிளைக்குக் கணினி வந்தது. "இது நம்ம வேலையத் தின்னுடும்" என்று ஐதாளர் சட்டையில் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டார். பின்னாலேயே சுற்றறிக்கை வந்தது: மூன்று வாரத்தில் தட்டச்சுச் சோதனை, தேறாதவர்களுக்கு மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் பீதருக்கு மாற்றல். தீபாவளி கழிந்தால் யட்சகான ஆட்டம் தொடங்கிவிடும். அத்தனை தொலைவிலிருந்து வந்து மத்தளம் வாசிக்க முடியுமா? பட்டை அன்றைக்கே கழன்றது.

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடினார், சேற்றில் மோதிரத்தைத் தொலைத்தவர் மாதிரி.

"மாராயரே, அந்த 'கே' இன்னிக்குள்ள கெடைக்குமா?" என்றாள் காசாளர் ஜெசிந்தா. எங்கள் பக்கம் ஆண் யாராயிருந்தாலும் மாராயர், கிறிஸ்தவப் பெண் என்றால் பாயம்மா.

"நேத்து இங்கதான் இருந்துது, பாயம்மா. யாரோ மாத்தி வச்சிருக்காங்க."

"ஆமா, பிஷப் வந்து மாத்திட்டுப் போனார்."

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. ஒரு மதியம் ஐதாளர் சட்டென்று நிமிர்ந்தார். "மத்தளம் வாசிக்கறப்போ நான் கையைப் பாக்கறேனா?" கண்ணை மூடினார். விரலுக்கு ஒரு மத்தளச் சொல் வைத்தார். கணக்கு வைத்திருந்த சேஷப்ப பூஜாரியின் பெயர் 'தகதிமி தகஜணு' ஆனது. வாடிக்கையாளர் எல்லாரும் தாளத்துக்குள் வந்துவிட்டார்கள்.

சோதனைக்கு வந்த அதிகாரியின் கால் மேசைக்கடியில் தானாகத் தாளம் போட்டது. ஐதாளர் தேறினார். அந்த வருஷம் முதல் ஆட்டத்துக்கு, வேலை சீக்கிரம் முடிந்ததால், பாடகருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தார். பிறகு மின்சாரம் போனால் முதலில் முகம் வாடுவது அவருக்குத்தான். "பேரேட்ட எடுங்க" என்று நான் சொன்னால், "அந்தத் தூசியையா? கரண்ட் வரட்டும் மாராயரே" என்பார்.

இதை எழுதி முடித்து ஜெசிந்தாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"கண்ணை அவரா மூடினாரு? கையைப் பாக்கக் கூடாதுன்னு நான்தான் என் டிபன் டவல அவர் கைமேல போட்டேன். அன்னிக்கு எனக்கு எறால் சுக்கா. அவரோ சுத்த சைவம், வாடையிலதான் கண்ணை மூடினாரு. மூக்கப் பொத்தலாம்னா ரெண்டு கையும் டவலுக்குள்ள."