அத்தான் மேடையேற்றிய குறட்டை

எங்கள் ஜோன்ஸ் அத்தானுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர்களின் நம்பரைச் சரிபார்த்து எழுதுகிற வேலை. அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். கேட்டால் "பட்டிமன்றப் பேச்சாளர்" என்பார். கோயில் திருவிழா, அம்மன் கொடை, பணி ஓய்வுப் பாராட்டு என்று இருபத்திரண்டு வருடமாக எங்கே மைக் கட்டினாலும் அங்கே இருப்பார். கைவசம் இருப்பது ஒரே பேச்சு. அந்தக் காலத்து நகைச்சுவை யார் மனதையும் புண்படுத்தாது, இந்தக் காலத்தில்தான் எல்லாம் கெட்டுப்போயிற்று.

இதைச் சொல்லி முடித்த கையோடு என் அக்கா எமல்டாவின் குறட்டைக்கு வருவார். "எங்க வீட்டுக் குறட்டையைக் கேட்டுட்டு, கப்பல் சங்கு ஊதிட்டுன்னு ரெண்டு பேரு ஹார்பருக்கு ஓடிட்டானுவ" என்பார். அதேபோல் குறட்டை விட்டும் காட்டுவார். பிறகு, "ஏளா, எந்திரிச்சு நில்லு, ஜனங்க பாக்கட்டும்." முன்வரிசையில் அக்கா எழுந்து நின்று, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். முதல் இரண்டு வருடம் நானும் சிரித்தேன். அதை நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

அவர்கள் மகன் ரெனிஷ் இந்தக் காலத்துப் பிள்ளை. அப்பாவின் காமெடியைப் பழைய கஞ்சி என்பான். இவன் என்ன கிழித்தான்? தூங்குகிற அம்மாவை செல்போனில் எடுத்து, குறட்டைக்குக் குத்துப்பாட்டு சேர்த்து ரீல் போட்டான். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்களாம். எது உயர்ந்த காமெடி என்று அப்பனும் மகனும் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதாடுவார்கள். பரிமாறுகிறவள் அக்கா. அவர் வாயால் செய்ததை இவன் செல்போனால் செய்கிறான். இதில் யார் பெரியவன் என்று போட்டி வேறு!

இந்த வருடம் அக்கா பகலிலும் தூங்கி விழ ஆரம்பித்தாள். மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே கண் அயர்ந்து கையைச் சுட்டுக்கொண்டாள். தூக்கத்தில் மூச்சு முட்டுகிறது, செத்துப்போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று என்னிடம் அழுதாள். நான் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கினேன். அன்றைக்கென்று பார்த்துத் திருவிழாப் பட்டிமன்றம். "அன்றைய நகைச்சுவையா, இன்றைய நகைச்சுவையா? தந்தையும் மகனும் மோதுகிறார்கள்" என்று தெரு முழுக்க பிளக்ஸ்.

"டாக்டர் எங்கயும் ஓடிர மாட்டாரு, திருவிழா முடியட்டும்," என்றார் அத்தான். "இவ முன்னால இல்லன்னா ஜனங்க யாரைப் பாத்துச் சிரிப்பாங்க?"

"ஒரு நாள்தானம்மா," என்றான் ரெனிஷ்.

அந்த விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. அக்கா புதுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நடுவர் காசிலிங்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மணி அடித்துத் தொடங்கி வைத்தார். அத்தான் அரை மணி நேரம் பழைய நகைச்சுவையின் கண்ணியத்தைப் புகழ்ந்துவிட்டு, "ஏளா, எந்திரி" என்றார். அக்கா எழவில்லை. நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். குறட்டை கேட்டது.

அத்தானுக்கு அதிர்ஷ்டம் அடித்த மாதிரி. மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து மைக்கை அவள் வாயருகே பிடித்தார். ரெனிஷ் மறுபக்கம் நின்று படம் எடுத்தான். தெரு முழுக்க ஒலிபெருக்கியில் என் அக்காவின் குறட்டை. திடீரென்று அது நின்றது. கூட்டம் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தது. அவள் உதடு கறுத்துவருவதை நான் பார்த்தேன். பிறகு தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பியது. அத்தனை பெரிய கைதட்டல் அத்தானுக்கு அதற்குமுன் விழுந்ததே இல்லை. வெட்கமில்லாமல் குனிந்து கும்பிட்டார்.

நான் மைக்கைத் தட்டிவிட்டேன். அக்காவை உலுக்கி எழுப்பி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

"ஏளா, அவள எங்க கூட்டிட்டுப் போற? இன்னும் தீர்ப்பு சொல்லலைலா!" என்று பின்னாலிருந்து அத்தான் கத்தினார்.

தீர்ப்பும் வந்ததாம். காசிலிங்கம் இருவருக்கும் சால்வை போர்த்தி, இரண்டு நகைச்சுவையும் உயர்ந்தவைதான் என்று சொன்னாராம்.

அந்த நேரத்தில் நாங்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் அக்காவைச் சோதித்து, ஈ.சி.ஜி.யும் எடுத்துப் பார்த்தார்.

"தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது. இதயத்தையும் பாதிச்சிருக்கு. எத்தனை வருஷமாம்மா குறட்டை?"

"இருபது வருஷத்துக்கு மேல இருக்கும்."

"இத்தனை வருஷமா வீட்ல ஒருத்தர்கூடவா கவனிக்கல?"

அக்கா சுட்டுக்கொண்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"எல்லாரும் கவனிச்சாங்க டாக்டர்," என்றாள். "கை தட்டினாங்க."