மயக்கம் தெளிந்ததும் வந்த வாக்குமூலம்

இன்று காலை என் கணவருக்கு முதுகில் இருந்த கட்டியை எடுத்தார்கள். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மயக்க மருந்து டாக்டர், காலையில் எதுவும் சாப்பிடவில்லையே, வேறு மாத்திரை எடுக்கிறாரா என்றெல்லாம் விசாரித்தார். இவருக்கு ஒரே ஒரு கவலைதான்.

"ஏனுங்க டாக்டர், மயக்கத்துல மனசுல இருக்கறதையெல்லாம் சொல்லீருவனுங்களா?"

"முழிக்கறப்ப கொஞ்சம் உளறலாமுங்க. ரகசியமெல்லாம் வராது" என்று டாக்டர் சிரித்தார்.

கண் விழித்ததும் இவர் தண்ணீர்தான் கேட்டார். கொஞ்சம் தெளிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"ஏம்புள்ள, நான் ஏதாச்சும் சொன்னனா?"

"எல்லாத்தையும் சொல்லீட்டீங்க" என்றேன், சும்மா.

"கோவிச்சுக்காத. சிங்கப்பூர்ல வாங்குனேன்னு உனக்குக் குடுத்த அந்த டீ-சர்ட்டு, நம்மூரு காதர்பேட்டைக் கடைல மலிவா வாங்குனதுதான்."

அதைப் போட்டுக்கொண்டு நான் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

ஒரு நாள் வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான முடிவு எதுவும் எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மனைவியிடம் பேசக் கூடாது என்பதையும் சேர்த்திருக்கலாம். உங்கள் வீட்டில் எப்படி?