குறைந்த எண்ணிக்கைதான் கணக்கு

1. ஆறு தமர்

செஞ்சிக்கு மேற்கே, கோட்டை மலை அடிவாரத்தில் ஒரு கிணறு வெட்டிக்கொண்டிருந்தோம். முப்பத்தைந்து அடி இறங்கியாகிவிட்டது. அதற்குக் கீழே முழுப் பாறை. அன்று காலை ஆறு தமர் போட்டோம். வெடிமருந்து வைக்கப் பாறையில் அடிக்கும் துளைக்குத்தான் தமர் என்று பேர். ஒவ்வொன்றிலும் தோட்டாவைச் செருகி, கேப்பு என்கிற வெடிக்குப்பி மாட்டிய திரியை வெளியே விட்டு, களிமண்ணால் அடைத்தோம். திரிகளுக்குப் பீடி நெருப்பு வைத்துவிட்டு நான் கடைசி ஆளாக மேலே வந்தேன். ஆளுக்கொரு மறைவில் உட்கார்ந்தோம்.

இந்தத் தொழிலில் எண்ணுவதுதான் உயிர். ஆறு துளை போட்டால் ஆறு சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் ஒரு தோட்டா வெடிக்காமல் உள்ளேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். மிஸ்பயர் என்போம். அப்படியானால் மறுநாள் வரைக்கும் யாரும் கிணற்றில் கால் வைக்கக் கூடாது. எண்ணுவதற்கு வசதியாகத் திரிகளை ஒன்றைவிட ஒன்று ஒரு ஜாண் நீளமாக வெட்டுவது முறை. அப்போதுதான் சத்தங்கள் விட்டுவிட்டு வரும். அன்று நான் ஜாண் வைத்து வெட்டவில்லை. இத்தனை வருஷம் வெட்டியவனுக்கு அளவு எதற்கு என்று கண்ணாலேயே பார்த்து வெட்டினேன்.

செஞ்சியில் இன்னொரு தொல்லை உண்டு. அது மலை. ஒவ்வொரு வெடிச் சத்தத்தையும் மலை ஒரு தடவை திருப்பி அனுப்பும். வெளியூர் ஆட்கள் முதல் நாள் ஆறு வெடிக்குப் பன்னிரண்டு எண்ணிவிட்டு முழிப்பார்கள், நாங்கள் சிரிப்போம். கிணற்றிலிருந்து வரும் சத்தம் தடித்தது, மலைச் சத்தம் கொஞ்சம் மெலிந்து, பிந்தி வருவது. அதை எங்கள் காது தானாகவே தள்ளிவிடும் என்று நான் பெருமையாக நம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்றும் தனித்தனியாக வெடித்தன. நாலாவதும் ஐந்தாவதும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு வந்தன. அவற்றின் மலைச் சத்தங்களும் எது எதனுடையது என்று பிரிக்க முடியாமல் கலந்தன. அதற்கப்புறம் ஒரு சத்தம் கேட்டது. ஆறு என்று விரலை மடக்கினேன்.

என்னோடு எண்ணியது துரைக்கண்ணு. என் தங்கை முனியம்மாவின் கணவன், என்னைவிட நாலு வயது சின்னவன். வெடித்த பிறகு முதலில் இறங்கி, கடப்பாரையால் தொங்கும் கல்லை நெம்பித் தள்ளுவது அவன் வேலை.

"மச்சான், நான் அஞ்சுதான் எண்ணுனேன்" என்றான்.

"ஆறு மாப்ள."

"கடைசியா வந்தது மலைச் சத்தம் மாதிரி இருந்துது."

"பத்து வருசமா எண்ணிக்கினு இருக்கறேன். மலைச் சத்தம் எனக்குத் தெரியாதா? போயி வேலயப் பாரு."

எங்கள் மேஸ்திரி கபூர் பாய் வைத்திருந்த விதி, ரெண்டு பேர் எண்ண வேண்டும் என்பது. ரெண்டு பேர் எண்ணிக்கையும் வேறு வேறாக வந்தால் எது செல்லும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. மூத்தவன் சொல்வது செல்லும் என்பது வழக்கமாக இருந்தது. துரைக்கண்ணு கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு, "நீ சொன்னா சரி மச்சான்" என்று இறங்கினான்.

எனக்கு அன்று அவசரம் எதுவும் இல்லை. குடித்திருக்கவும் இல்லை. சின்னவன் என் எண்ணிக்கையைத் திருத்துகிறானே என்ற எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

நான் பீடி பற்றவைத்து ரெண்டு இழுப்பு இழுத்திருப்பேன். ஆறாவது சத்தம் அப்போதுதான் வந்தது. அதையும் மலை ஒரு தடவை திருப்பிச் சொன்னது.

2. பொய்

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. வெடி லைசென்ஸ் கபூர் பாய் பேரில் இருந்தது. கடைத்தெருவுக்குப் போயிருந்தவர் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக் கேட்டார்.

"ரெண்டு பேரும் எண்ணுனீங்களா ஏழுமலை?"

"எண்ணுனோம் பாய். ரெண்டு பேருக்கும் ஆறுதான் வந்துது."

செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்று என் மனதுக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கிறது. என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்ட கேவலமான விஷயம் அது.

அதற்குப் பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. பீடி பற்றவைக்கக்கூடக் கை ஒத்துழைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரி டயர் வெடித்தால் நின்று எண்ணத் தொடங்குவேன். சாராயம் சேர்ந்துகொண்டது. என் மனைவி திட்டிப் பார்த்து, அழுது பார்த்து, கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போனேன். விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். பிள்ளைகள் ரெண்டும் பள்ளிக்கூடம் போயிருந்தன. எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அவரு அஞ்சுன்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஆறுன்னேன்."

"அப்புறம்?"

"எறங்குனாரு."

முறத்தில் இருந்தது முழுவதையும் உடைத்து முடித்தாள். தோலைப் புடைத்து, பருப்பை மூட்டையில் கொட்டி, வாயைக் கட்டினாள். அவ்வளவு நேரமும் நான் உட்கார்ந்திருந்தேன்.

"எழுந்து போண்ணா. இனிமே இங்க வராத."

3. முனியம்மா போட்ட சட்டம்

ரெண்டு மாதம் கழித்து அவளே காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"வேலைக்குப் போறியா இல்லியா?"

"கை நடுங்குது முனிம்மா."

"நடுங்கட்டும். நானும் வரேன். மேல கிரேன்கிட்ட கல்லு தள்ற வேலை குடுக்கச் சொல்லு பாய. எண்ணுறது நானு. மொதல்ல நீ அவருகிட்ட நெசத்தச் சொல்லணும்."

"என்ன மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இல்ல. அங்க இன்னும் நாலு பேரு எறங்குறாங்க. அவங்க பொண்டாட்டிங்களும் என்ன மாதிரி வூட்ல உக்காந்துக்கினு இருக்காங்க. அதுக்குத்தான் வரேன்."

கபூர் பாயிடம் சொன்னேன். போலீசுக்கு அவர் சொல்லவில்லை. அந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று பிற்பாடு அவர் வாயாலேயே சொன்னார். ஒரு வருஷம் என்னைத் திரிப் பக்கமே விடவில்லை. துளை அடிக்கும் ஆளாக மட்டும் வைத்துக்கொண்டார்.

முனியம்மா முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள். எத்தனை தமர் என்று கீழே இருப்பவர்கள் சத்தமாகச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அத்தனை கூழாங்கற்களை அவள் மடியில் எடுத்துக்கொள்வாள். மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வெடிக்கு ஒரு கல்லாகத் தரையில் வைப்பாள். கூடவே இன்னொரு ஆள் தனியாக எண்ண வேண்டும். அவள் எழுந்திருக்கும்வரை ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. திரியைக் காலையில், டீ குடிப்பதற்கு முன்பே, ஜாண் வைத்து வெட்டி வரிசையாகப் போட்டு அவளிடம் காட்ட வேண்டும்.

கடைசிச் சட்டம்தான் எல்லாரையும் முணுமுணுக்க வைத்தது. ரெண்டு பேர் எண்ணிக்கை வேறாக வந்தால் குறைந்த எண்ணிக்கைதான் கணக்கு. மூத்தவன், மேஸ்திரி, நிலத்துக்காரர் யார் சொன்னாலும் செல்லாது.

"அப்போ வேணும்னே ஒருத்தன் கொறச்சு சொல்லிட்டு வூட்டுக்குப் போவலாமே?" என்றான் கல்லை மேலே இழுக்கும் கிரேனைக் கையால் சுற்றும் ஒருவன்.

"போவட்டும். வூட்டுக்குத்தான போறான்" என்றாள்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் பேசினால் மனக்கட்டுப்பாடு வரவில்லை, மூடு இல்லை என்கிறார்கள். எனக்கும் வந்ததில்லை, அப்பனே. காலையில் கிணற்றுமேட்டில் நிற்கும்போது திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றாத நாள் ஒன்றுகூட இல்லை. மனது தயாராகட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கும் சாராயக் கடையில்தான் இருந்திருப்பேன். நடுங்குகிற கையாலேயே ஜாண் வைத்தேன், வெட்டினேன், வரிசையில் போட்டேன், அவளிடம் காட்டினேன். மறுநாளும் அதையே செய்தேன். எத்தனையாவது மாதத்தில் நடுக்கம் நின்றது என்று தெரியாது. பயம் மட்டும் கடைசிவரை போகவில்லை. குடியும் ஒரே நாளில் விட்டுவிடவில்லை. ஒரு நாள் வாய் நாறிக்கொண்டு போனேன். அவள் மடியில் இருந்த கற்களைக் கீழே கொட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அன்று வேலை நடக்கவில்லை. அதோடு விட்டேன்.

4. வல்லத்தில் ஒரு நாள்

சில வருஷங்கள் போயின. திரிக்கு நெருப்பு வைக்கும் வேலை மறுபடி என்னிடம் வந்திருந்தது. மழை பொய்த்த ஒரு வருஷம், வல்லம் பக்கம் ஒரு கிணற்றை ஆழப்படுத்தப் போனோம். மல்லாட்டைக் கொடி வாடிக் கிடந்தது. இன்னும் நாலு நாளில் தண்ணீர் வராவிட்டால் காய் பிடிக்காது என்று நிலத்துக்காரர் வரப்பிலேயே நின்றார்.

ஏழு தமர். வெடித்து முடிந்ததும் நான் ஏழு எண்ணியிருந்தேன். ஐயமே இல்லாத ஏழு. வல்லத்தில் மலைச் சத்தமும் கிடையாது. முனியம்மா எழுந்தாள். கையைத் திறந்தாள். ஒரு கல் மீதி இருந்தது.

"ஆறு" என்றாள்.

நிலத்துக்காரர் என்னைப் பார்த்தார். "நீ எத்தினி எண்ணுன?"

"ஏழு."

"நானும் ஏழுதான் எண்ணுனேன். அப்புறம் இன்னா? எறங்கச் சொல்லுய்யா."

"நாளைக்கிதாங்க."

"இன்னாய்யா இது? கொல்லை கருகிக்கினு இருக்குது, ஒரு பொம்பள கல்லு எண்ணுனான்னு ஒரு நாள நிறுத்துறியா?"

கிணற்றுக்குள் புகை அடங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் அவள்மேல் கோபம்தான். காது கேட்கவில்லையா இவளுக்கு என்று பொருமினேன். இறங்கு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கடப்பாரையோடு நின்ற ஆள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னால் இறங்கிவிடுவான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். கடப்பாரையை அவன் கையிலிருந்து வாங்கிக் கிரேன் காலில் சாத்தினேன்.

"சாமான எடுத்து வைங்க. நாளைக்கிப் பாத்துக்கலாம்."

மறுநாள் காலை நான் மட்டும் இறங்கினேன். சட்டத்தில் இல்லாத ஒன்று இது, நானாக வைத்துக்கொண்டது. இரும்பு எதுவும் எடுத்துப் போகவில்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றி, வெறும் கையால் கல்லை எடுத்து வைத்து, ஒவ்வொரு துளையின் அடியையும் தேடினேன். ஒவ்வொரு கல்லைத் தூக்கும்போதும் துரைக்கண்ணு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. உச்சிவேளைக்கு முடித்தேன். ஏழு துளையும் சுத்தமாக வெடித்திருந்தன. ரெண்டு ஒரே நேரத்தில் வெடித்து அவளுக்கு ஒன்றாகக் கேட்டிருக்க வேண்டும். நான்தான் சரி.

மேலே வந்து சொன்னேன். நிலத்துக்காரர் வாய்க்கு வந்தபடி பேசினார். அதே இடத்தில் எங்களை வேலையிலிருந்து நிறுத்தி, வேறு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருடைய பயிர் சாகிறது.

பஸ்ஸுக்காக ரோட்டுக்கு நடந்தோம். எனக்கு மனசு ஆறவில்லை.

"ஏழுன்னு நான் சொன்னது சரியாப் போச்சு பாத்தியா. ஒரு நாளும் போச்சு, பேரும் போச்சு" என்றேன்.

அவள் நின்றாள். மடியில் இருந்த ஏழு கற்களையும் ரோட்டோரத்தில் உதறினாள்.

"அன்னிக்கும் இதே மாதிரி ஒரு நாள் போயிருந்தா போதும்ணா" என்றாள்.

அதற்குப் பிறகும் பல வருஷம் என்னோடு வேலை செய்தாள். எத்தனையோ தடவை அவள் கையில் கல் மீந்தது. சில தடவை மறுநாள் இறங்கிப் பார்த்தால் தோட்டா நிஜமாகவே தங்கியிருக்கும். பக்கத்தில் ஒரு முழம் தள்ளிப் புதுத் துளை போட்டு அதையும் வெடித்துத் தீர்ப்போம். மற்ற தடவைகள் வீண் நாள்தான். எது வீண் நாள், எது இல்லை என்பது முந்தின நாள் எங்களில் ஒருத்தருக்கும் தெரிந்ததில்லை. அவளுடைய கிணறுகளிலிருந்து எந்த வீட்டுக்கும் பிணம் போகவில்லை.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. உங்களுக்கு ஐயமே இல்லாத நாளுக்கும் சேர்த்துத்தான் சட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும். துரைக்கண்ணு செத்த அன்று கிணற்றடியில் நானும் ஐயமில்லாமல்தான் இருந்தேன்.

என் தங்கை இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. அன்று போலீசிடம் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். துரைக்கண்ணு அஞ்சு என்றான். அஞ்சுதான்.