மாமாவின் நெற்றி

தேவி, சரவணா... போன ஞாயிற்றுக்கிழமை வேனில் திரும்பி வரும்போது ரெண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "மாமா மேல பெரிய தாத்தாவுக்கு ஏம்ப்பா இம்புட்டுக் கோவம்?"

நான் தூங்குகிற மாதிரி நடித்தேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குக் கொஞ்சம் சுலபம். வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்ற பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். தாடிக்கொம்பு பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் உங்கள் தங்கச்சி சின்னவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இருப்பது ஒரே தம்பி — செல்வம் மாமா. மாமா ரெண்டு வருஷமாக சர்ச்சுக்குப் போகிறார். அன்றைக்கும் காலை ஜெபத்தை முடித்துவிட்டு, கம்மலும் பட்டுப்பாவாடையும் வைத்த சீர்த்தட்டோடு நேரத்துக்கு வந்துவிட்டார்.

பெரிய தாத்தா, அதாவது என் பெரியப்பா, திருநீற்றுத் தட்டை நீட்டினார்.

"பூசிக்கிட்டு உக்காருங்க மாப்ள."

"வேணாம் மாமா."

"ஏன், உங்க சாமி கோவிச்சுக்குமோ?"

பந்தலே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

"நம்பிக்கை இல்லாம சும்மா பூசுனா, உங்க சாமிதான் மாமா கோவிச்சுக்கும்."

பெரியப்பா தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்பச் சரி. மடியில வேற ஆள உக்கார வைப்போம். மாமன் முறைக்கு ஊருல ஆளா இல்ல?"

உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவர். பூசிக்கோடா என்று தம்பியிடம் கெஞ்சவும் மனசில்லை, பெரியப்பாவை எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. கண் கலங்கி நிற்கிறாள். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். அப்பன்காரன் நான்தானே?

எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டிப் பிழைக்கிறவன். யார் எதைக் கும்பிடுவது என்பது பற்றிச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றெல்லாம் எடுத்துப் பேசத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பெரியப்பா, நமக்கு வேண்டியது மடி. நெத்தி அவரோடது. விட்ருங்க."

அம்புட்டுதான். பெரியப்பா தட்டைக் கீழே வைத்தார். விறுவிறுவென்று ரோட்டுக்கு நடந்து, வந்த டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். இன்றுவரை என் போனை எடுக்கவில்லை.

சின்னவள் மாமா மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை வைத்தாரோ இல்லையோ, மாமாவின் கட்டைவிரலைக் கடித்தாள் பாருங்கள்!

"மச்சான், மொதல்ல இவ பல்லப் புடுங்குங்க!"

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

இத்தோடு முடித்துவிட்டால் நான் பெரிய நியாயஸ்தன். ஆனால் அதற்கப்புறம் பந்தி என்று ஒன்று இருக்கிறதே...

கிடாக்கறி. சாமிக்குப் படைத்தது. மாமா இலை முன்னால் உட்காரவில்லை. "படைச்சதச் சாப்புடுறதில்ல மச்சான். தப்பா நெனைக்காதீங்க" என்று என் காதோடு சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. இவருக்காகப் பெரியப்பாவையே பகைத்துக்கொண்டேன்... நம் வீட்டுச் சோறு இவருக்கு ஆகாதா? 'அப்புறம் எதுக்கு வந்தீங்க?' — நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு வந்த அதே கோபம்! அவருக்குத் திருநீற்றில் வந்தது, எனக்குச் சோற்றில் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. நான் மாமா பக்கம் பேசியதற்குக் கூலியாக, அவர் என் இலையில் உட்கார வேண்டும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன். கூலி கேட்டால் அது என்ன சுதந்திரம்? ஒருவரை அவர் நம்புகிறபடி இருக்க விடுகிறோம் என்றால், நமக்கு வலிக்கிற இடத்திலும் விடத்தானே வேண்டும்?

நீங்களெல்லாம் வேனில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் யாரிடமும் சொல்லாமல் மெயின் ரோட்டுக்கு நடந்தேன். ஒரு பிரியாணி பார்சல் — எந்தச் சாமிக்கும் படைக்காதது — வாங்கி, மாமாவின் பைக் ஹேண்டிலில் மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி வந்து வேனில் ஏறிக்கொண்டேன்.