சித்தி சரித்திரம் படித்த கொட்டகை

அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, சரித்திரப் பாடம் படித்தது ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு நடுவில். கேட்கிறவர்கள் நான் கதை விடுவதாக நினைப்பார்கள். ஆனால் அந்த ஐந்தாறு வாரமும் அவள் பக்கத்தில், தீவன மூட்டைமேல் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஆயர் தாவாரிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் சாலையில் எங்கள் வீடு இருந்தது. முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அந்தச் செம்பனைக்கு நடுவில் ஒரு சீன முதலாளி, எங்கள் பேச்சில் டவுக்கே, கோழிப்பண்ணை போட்டிருந்தார். கறிக்கோழி அல்ல, தாய்க்கோழி. அங்கே இடுகிற முட்டை கடைக்குப் போகாது. குஞ்சு பொரிக்கப் போகும். அப்பா அங்கே மண்டோர். வேலையாட்கள், தீவனம், தண்ணீர், விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு.

பண்ணையின் கடைசிக் கொட்டகையை நாங்கள் இருட்டுக் கொட்டகை என்போம். முட்டையிடும் பருவம் வராத இளங்கோழிகள் அதில் இருந்தன. சன்னல் இல்லை. சுவரெல்லாம் கறுப்புத் திரை. காலை எட்டு மணிக்கு விளக்குகள் தாமாக எரியும், பிற்பகல் நான்கு மணிக்குத் தாமாக அணையும். எரியும்போதுகூடத் தீவனம் தெரியும் அளவுக்குத்தான் வெளிச்சம். நான்கு மணிக்கு நான் வெளியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு சைக்கிள் விட்டுக்கொண்டிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் இரவு தொடங்கியிருக்கும். வெயிலுக்கு நடுவே யாரோ ஓர் இரவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது போலிருக்கும். அதன் ஓரமாகப் போகும்போதெல்லாம், தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்று மணியடிக்காமல் போவேன்.

சித்தி எங்களோடு வந்து தங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. பத்து காஜா என்ற ஊரில் இருந்த தாத்தாவும் இறந்துபோன பிறகு அம்மா அவளைக் கூட்டி வந்துவிட்டார். பத்தொன்பது வயது. எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வில் சரித்திரத்தில் மட்டும் தோற்றிருந்தாள். அந்த ஒன்றில் தோற்றால் சான்றிதழே கிடையாதாம். மறுபடி எழுதுகிறேன் என்றாள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார். எங்கள் வீட்டில் அதற்கு வேண்டாம் என்றுதான் பொருள். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு ஒரு வழி செய்வது தன் கடமை என்று அவர் உண்மையாகவே நம்பினார். லூமுட்டில் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் ஒருவரைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் புகைப்படம் சாமி மேடையில், விபூதித் தட்டுக்குப் பின்னால் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஆகவே சித்தி ஒளிந்து படித்தாள். வீட்டில் ஒரே கூடம், அதில் ஓயாத தொலைக்காட்சி. நான்கு மணிக்கு மேல் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடம் இருட்டுக் கொட்டகைதான். அதன் முகப்பில் தீவன அறை, அதில் ஒரு வெள்ளைக் குழல்விளக்கு. சாவி எங்கள் சமையலறை ஆணியில் தொங்கும். கீரை பறிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். நான் இருந்தால் பொய் மெய்யாகத் தெரியும் என்பது அவள் எண்ணம்.

முதல் இரண்டு நாள் வெந்துபோனோம். மூன்றாம் நாள் சித்தி உள்கதவைத் திறந்துவைத்தாள். கொட்டகைக்குள் ஓடும் பெரிய விசிறிகளின் காற்று குளுகுளுவென்று எங்கள் மேல் வந்தது.

“கோழி முழிச்சுக்காதா சித்தி?”

“தூங்குற கோழிக்கு என்னடி தெரியப் போவுது? கொஞ்சூண்டு வெளிச்சம்தான்லா.”

அந்த வெளிச்சம் கதவு வழியாக உள்ளே போய், தரையில் பரப்பிய உமியின்மேல் பாய்போல் விரிந்தது. முதலில் ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத அளவு. வெளிச்சம் தேயத் தேயக் கோழிகளும் மங்கி, கடைசியில் இருட்டும் மூச்சும் மட்டும் மிஞ்சின. சித்தி படிக்க ஆரம்பித்தாள். மலாக்கா எழுந்ததையும் விழுந்ததையும், பங்கோர் உடன்படிக்கையில் யார் யார் கையெழுத்திட்டார்கள் என்பதையும் மலாயில் மெல்லிய குரலில் ஒப்பித்தாள். விசிறியின் ஓசையும் அவள் குரலும் கலந்து ஒரே ரீங்காரமாகிவிடும். கோழிகள் கழுத்தைச் சாய்த்துக் கேட்கும். நடுவில் ஒன்று தொண்டைக்குள் உருட்டும். எனக்குக் கண் சொக்கும். நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இன்றும் சொல்ல முடியாது. அரசர்களும் கப்பல்களும் கோழிகளுக்கு ஊடாக நடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

நாளாக ஆகக் கதவோரக் கோழிகள் அழகாகிக்கொண்டு வந்தன. வெளுத்துக் கிடந்த கொண்டைகள் பெரிதாகிச் சிவந்தன. கொஞ்சம் தள்ளி இருந்தவை இளஞ்சிவப்பு. இன்னும் உள்ளே இருந்தவை பழையபடி வெளுப்பு. பாடம் கேட்டவற்றுக்கு மட்டும் வெட்கம் வந்துவிட்டது என்று சித்தியிடம் சொன்னேன். அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் சிரித்தாள். அப்பா அந்த மாதம் முழுக்கப் புதுக் குஞ்சுகள் வந்து இறங்கிய கொட்டகையிலேயே கிடந்தார். காலையில் இங்கே வந்து எட்டிப் பார்த்தாலும், அந்த மங்கல் வெளிச்சத்தில் சிவப்பு தெரிந்திருக்காது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கதவுக்குப் பக்கத்தில் உமிக்குள் ஒரு முட்டை கிடந்தது. காடை முட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. இளஞ்சூடு. மேலே ஒரு கோடு இரத்தம் இருந்தது. அதைப் பாவாடையில் துடைத்துவிட்டேன். சித்தி கண்ணை மூடி எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவளிடம் சொல்லக்கூடத் தோன்றாமல் ஓடினேன். முட்டைக்காகத்தானே பண்ணை? நேரத்துக்கு முன்பே முட்டை வந்தால் அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!

அப்பா வீட்டு அஞ்சடியில், முன் தாழ்வாரத்தில், உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நம்ம கோழி முட்டை போட்டுருச்சு!”

அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். உள்ளங்கையில் அதை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“எந்தக் கொட்டாய்ல எடுத்த?”

“இருட்டுக் கொட்டாய்ல.”

பூட்ஸ்கூடப் போடாமல் செருப்போடு நடந்தார். அந்தக் கொட்டகைக்குள் செருப்போடு போனதற்காக ஒருவரை வேலையை விட்டே நிறுத்தியவர் அவர். டார்ச்சை எடுத்துக்கொண்டு தீவன அறையைத் தாண்டி, சித்தியையும் தாண்டி, உள்ளே கடைசி வரைக்கும் போனார். அங்கிருந்து ஒவ்வொரு தடுப்பாகக் கோழிகளின் தலையில் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டே கதவை நோக்கி வந்தார். வெளுப்பு, இளஞ்சிவப்பு, சிவப்பு. கதவு வந்ததும் டார்ச்சை அணைத்தார். சித்தி புத்தகத்தை மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றாள்.

“எத்தனை நாளா?”

“ஒரு மாசத்துக்கு மேல, மாமா.”

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. மூலையில் ஒடுங்கி நின்ற ஒரு கோழியைத் தூக்கி, வாலை விலக்கிப் பார்த்து, அதை மட்டும் தனியாக ஒரு கூடைக்குள் விட்டார். அது மறுநாள் இறந்துபோனது. ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டில் அப்பா அம்மாவிடம் பேசினார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

“வெளிச்சம் நீண்டா பருவம் வந்துருச்சுன்னு உடம்பு நெனச்சுக்கும். எலும்பு வளர்ந்திருக்காது, இடுப்பு விரிஞ்சிருக்காது, முட்டை மட்டும் வந்துரும். போடுறப்ப உள்ள இருக்கறதும் சேந்து வெளிய வந்துரும். பொழச்சாலும் காலம்பூரா சின்ன முட்டைதான், குஞ்சும் சரியா பொரிக்காது. அதனாலதானே இருட்டுல வெச்சிருக்கோம்? வளரட்டும்னுதானே? அது அது நேரத்துக்கு விடணும். அவசரப்படுத்துனா அந்தப் பிஞ்சுதான் சாவும்.”

அம்மா அவர் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“கோழின்னா உங்களுக்கு எல்லாம் நல்லாத் தெரியுதுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. சித்தி எழுந்து பின்னால் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் நெடுநேரம் விழுந்துகொண்டே இருந்தது. குழம்பு காரமாகிவிட்டதோ என்று நினைத்து நான் இன்னொரு அப்பளம் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சித்தி அப்பாவோடு டவுக்கேயைப் பார்க்கப் போனாள். தானே வருவதாகப் பிடிவாதம் பிடித்தாளாம். டவுக்கே அப்பாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அப்பா தினமும் காலையில், தனக்குக் கீழே வேலை செய்த நேபாளத்து இளைஞனிடம் போய்ச் சாவி கேட்டு வாங்கவேண்டியிருந்தது. அவன் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையாலும் கொடுப்பான். அப்படிக் கொடுத்தது அப்பாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை அப்பா ரம்புத்தான் மரத்தடியில் நின்று தொலைபேசியில் வெகுநேரம் பேசினார். ‘மன்னிச்சிருங்க’ என்ற சொல் மட்டும் என் காதில் இரண்டு தடவை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை லூமுட்டிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. நான் புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தேன். சாமி மேடையில் புகைப்படமும் இல்லை. அன்று சாயங்காலம் அப்பா ஏணி போட்டு ஏறி அஞ்சடியில் ஒரு குழல்விளக்கு மாட்டினார். அதன் கீழே ஒரு மேசையை இழுத்துப் போட்டார்.

“கொசுவத்தி கொளுத்திக்க” என்று சித்தியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது. கோழிகளைக் கெடுத்த குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டோம் என்று லூமுட்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பா மன்னிப்புக் கேட்டும் அவர்கள் இரங்கவில்லை. அதற்குத் தண்டனையாகச் சித்தியை வெளியே கொசுக்கடியில் உட்காரவைத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் காரணம், முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய நான்.

சித்தி அந்த விளக்கின் கீழ் படித்துச் சரித்திரத்தில் தேறினாள். பிறகு ஈப்போவுக்குப் போய் ஒரு பல் வைத்தியரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கும் ஈப்போவில்தான் இருக்கிறாள். கல்யாணம் அவளுக்கு இருபத்தேழு வயதில் நடந்தது, அவளே பார்த்துச் சொன்ன ஒருவரோடு. அதெல்லாம் பின்னால். அந்த வாரம் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருத்தியின் வாழ்க்கையை நான் பாழாக்கிவிட்டேன் என்பதுதான். 

செம்பனை வரிசை முடியும் இடத்தில் ரப்பர் காலத்து முனீஸ்வரர் கோயில் ஒன்று இருந்தது. கோயில் என்றால் ஒரு தகரக் கூரையும் ஒரு சூலமும். நாலு நாள் தொடர்ந்து பள்ளி விட்டு வரும் வழியில் அங்கே போய்க் கும்பிட்டேன். ஐந்தாம் நாள் பாரம் தாங்காமல் சித்தியிடம் ஒப்புக்கொண்டேன்.

“அழாத சித்தி. நான் முனீஸ்வரர் சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்.”

“நான் எங்கடி அழுதேன்? என்னன்னு வேண்டிக்கிட்ட?”

“அந்த லூமுட் மாப்பிள்ளை எப்படியாச்சும் திரும்பி வந்துரணும்னு.”

சித்தி பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். செம்பனை மட்டைகளுக்கு இடையே வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. முனீஸ்வரருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பரீட்சைக்குக்கூட அவள் அப்படி வேண்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. பாவம், அவளுக்கும் அவ்வளவு ஆசையா என்று நினைத்தேன். நானும் அவள் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, இருவரும் ஒன்றையே கேட்கிறோம் என்ற தைரியத்தில், இன்னும் சத்தமாக வேண்டிக்கொண்டேன்.