தீபம் முடியட்டும் என்றார்

விபத்து நடந்தது கார்த்திகை தீபத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மாலை. ஆனால் மருத்துவமனைப் பதிவின்படி அன்று எங்களுக்கு எந்த விபத்தும் நடக்கவில்லை. என் மனைவி வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தாள், அவ்வளவுதான்.

அவள் தையல் வேலை செய்கிறவள். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பருத்திச் சட்டையும் தொளதொளப்பான பேண்ட்டும் தைத்துக் கொடுப்பாள். அன்று நானும் கூடப் போயிருந்தேன். தைத்ததைக் கொடுத்துவிட்டு, வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்ப செங்கம் சாலையில் நின்று, போனில் ஆப் மூலம் ஆட்டோ கூப்பிட்டேன். வந்த டிரைவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நாங்கள் ஏறி உட்கார்ந்ததும், ஆப்பில் கேன்சல் செய்துவிட்டு அதே காசைக் கையில் கொடுத்துவிடும்படி கேட்டார். கமிஷன் ஜாஸ்தி பிடிக்கிறார்களாம். ஊரில் எல்லோரும் செய்வதுதான். நானும் செய்தேன்.

திருவிழாக் கூட்டத்துக்குத் தடுப்புக் கட்ட சவுக்குக் கம்பங்களை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அது சட்டென்று நிற்க, நீட்டிக்கொண்டிருந்த கம்பங்களுக்குத் தப்பிக்க டிரைவர் இடது பக்கம் ஒடித்தார். ஆட்டோ வலது பக்கம் கவிழ்ந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவள் வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது.

நாலு பேர் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினார்கள். அதே வண்டியில்தான் டிரைவர் எங்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். வாசலில் இறங்கும்போது அவர் என்னிடம் பேசவில்லை, அவளிடம்தான் பேசினார்.

"அக்கா, ஆக்சிடென்ட்னு சொன்னா ஸ்டேஷனுக்குத் தகவல் போயிடும். வண்டியைப் புடிச்சி வச்சிடுவாங்க. தீபத்துக்கு ஓட்டலைன்னா எனக்கு வருஷமே போச்சு. தீபம் முடியட்டும், நானே வந்து உண்மையைச் சொல்றேன்."

உள்ளே டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "படியில வழுக்கிட்டேன் சார்" என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

வராந்தாவில் தாழ்ந்த குரலில் அவளைக் கோபித்துக்கொண்டேன். கை என்னுடையது, நீங்கள் சும்மா இருங்கள் என்றாள். அந்த வலியிலும் ஒரு சிரிப்பு. "நம்ம வீட்டுப் படி ஒண்ணும் கோவிச்சுக்காது."

இந்த ஊரில் நடப்பவற்றைத் தேதி வாரியாகக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பழைய சம்பவங்களைப் பற்றிப் படித்ததில் எனக்குத் தெரிந்த ஒன்று, இரண்டு விதமாகச் சொல்லப்படும் எதிலும் முதலில் எழுதப்பட்டதே நிற்கும் என்பது. அது தெரிந்துதான் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோய் டாக்டரிடம் மாற்றிச் சொல்லவில்லை.

திருவிழா நாட்களில் டிரைவர், அன்று வாங்கிக்கொண்டுபோன என் நம்பருக்குத் தினமும் போன் செய்து கையைப் பற்றி விசாரித்தார். மலைமேல் தீபம் ஏற்றிய மாலை, மாவுக்கட்டுப் போட்ட கையை மொட்டைமாடிச் சுவரில் வைத்தபடி அவள் கும்பிட்டாள். தீபம் முடிந்த பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை.

கட்டைப் பிரித்தபோது அவளால் விரல்களை முழுதாக மடக்க முடியவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்துப் பார்த்தாள், நழுவிவிட்டது. எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது, ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும், அதற்குப் பிறகும் பழைய பிடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் எலும்பு டாக்டர். அன்று முழுக்க அவள் தையல் மிஷின் இருக்கும் அறைப் பக்கமே போகவில்லை.

தெரிந்தவர் மூலமாக ஒரு பெண் வக்கீலைப் பார்த்தோம். டாக்டரிடம் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும், அன்றே ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்க வேண்டும், வண்டி நம்பரை ஒரு போட்டோ எடுத்திருக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பயணத்தைக் கேன்சல் செய்திருக்கவே கூடாது என்று ஒரே மூச்சில் சொன்னார். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் நஷ்டஈடு அங்கிருந்து வரும், டிரைவரின் சட்டைப்பையிலிருந்து அல்ல என்றும் சொன்னார்.

"லேட்டா வந்ததுக்குக் காரணம் சொல்லிக்கலாம் சார். ஆனா விபத்தே நடக்கலைன்னு நீங்களே எழுத வச்சுட்டீங்களே. இனி அந்த டிரைவர் வாயைத் திறந்தாத்தான் உண்டு."

அவராக வருவார் என்று அவள் இன்னும் சில நாட்கள் காத்திருந்தாள். பிறகு ஸ்டேஷனுக்குப் போனோம். சப்-இன்ஸ்பெக்டரிடம் படிப் பொய்யையும் சேர்த்து எல்லாவற்றையும் அவளே சொன்னாள். முன்னே ஒன்று, இப்போது ஒன்று சொன்னால் எதை நம்புவது என்று கேட்டார். அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றாள்.

ஸ்டேஷனிலிருந்து போன் போனதும் வந்துவிட்டார். ஆட்டோவை ஓட்டிக்கொண்டுதான் வந்தார்.

"இவங்க உன் வண்டியில வந்தாங்களா?"

அவர் வாசலில் நின்ற தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அதற்கு எதிராகக் காட்ட, கேன்சல் ஆன பயணமும் அவருடைய போன் நம்பரும் தவிர எங்களிடம் ஒன்றும் கிடையாது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். மடங்காத விரல்களோடு என் மனைவியின் கை மேசைமேல் இருந்தது.

"வந்தாங்க சார். கவுந்தது என் வண்டிதான். ஆக்சிடென்ட்னு சொல்லாதீங்கன்னு கேட்டதும் நான்தான்." பிறகு அவள் பக்கம் திரும்பி, "போனை எடுக்கலைன்னு திட்டாதீங்கக்கா. எடுத்தா வர்றேன்னு சொல்லியாகணும்" என்றார்.

அவர் சொன்னது எழுதப்பட்டது. வண்டியைச் சோதனைக்காக ஸ்டேஷனிலேயே நிறுத்திக்கொண்டார்கள். இன்சூரன்ஸ் விஷயத்தை டிரைவரிடம் நான் சொன்னேன். தலையாட்டினார், காதில் விழுந்ததா தெரியவில்லை.

வெளியே வந்ததும் சாலையில் போன ஓர் ஆட்டோவை அவரே கைதட்டி நிறுத்தி, எங்களை ஏற்றிவிட்டார். "அக்காவுக்குக் கை முடியல. மெதுவா போ" என்று அந்த டிரைவரிடம் சொன்னார். நீ எப்படிப் போவாய் என்று அவள் கேட்டதற்கு, பஸ் இருக்கிறது என்றார்.

வழக்கு இனிமேல்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அந்தப் படியைப் பற்றி எதிர்த்தரப்பு அவளைத் துருவித் துருவிக் கேட்கும் என்று வக்கீல் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அன்று ஆட்டோ கிளம்பியதும், எப்படியோ உண்மையைச் சொல்லிவிட்டானே என்றேன்.

"சொல்லிட்டான்" என்றாள். "நாளைக்கு அவன் எதை ஓட்டுவான்?"