வண்டிக்கு அடியில் ஓர் அட்டை

என் காருக்கு ஏறக்குறைய என் வயசு. காலையில் கிளம்ப இரண்டு பேருக்கும் நேரமாகும். மனைவி போன பிறகு அதை விற்கச் சொல்லாத ஆள் இல்லை. எல்லோர் மேலும் வள்ளென்று விழுந்தேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் மெக்கானிக் பாயிடம் ஆயில் மாற்றப் போவேன். எஞ்சின் சூட்டோடு அடிப்பக்கத்து போல்ட்டைக் கழற்றினால், கறுத்துப் போன ஆயில் கடைசிச் சொட்டு வரை வடிய அரைமணி நேரம் ஆகும். அதுவரை டீ, பேச்சு, அரசியல் சண்டை. அவருடைய முட்டி வலி, என்னுடைய சர்க்கரை வியாதி எல்லாம் வரும். அந்த அரைமணி நேரத்துக்காக முதல் நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன் போனில், "சும்மா சும்மா எதுக்குப்பா அலையுறீங்க? சிந்தெடிக் ஆயில் ஊத்துங்க. வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா போதும்" என்றான். நானும் பெரிய மனுஷனாட்டம் ஒரு கேன் வாங்கிக்கொண்டு போனேன்.

பாய் ஊற்றி முடித்து, மிச்சத்தைக் கேனோடு என்னிடம் கொடுத்தார்.

"பழைய எஞ்சின் சார். சந்துல எல்லாம் கசடுதான் அடச்சினு இருக்கும். இந்த ஆயில் அத்தக் கழுவிடும், லீக் ஆனாலும் ஆவும். வண்டிக்கு அடியில ஒரு அட்டை போட்டு வைங்க. கறை தெரிஞ்சா எடுத்துனு வாங்க. இல்லன்னா ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வர வேணாம், ஜாலியா இருங்க!"

ஜாலியாம்! வீடு வரும்வரை அந்த வார்த்தையையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

ஷூ கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து வண்டிக்கு அடியில் போட்டேன். தினமும் பல் தேய்ப்பதற்கு முன்பே குனிந்து பார்ப்பேன். சுத்தம். ஊரில் உள்ள பழைய வண்டியெல்லாம் ஒழுகும். என் சனியன் மட்டும் ஒரு சொட்டு விடமாட்டேன் என்று நின்றது. இப்படியே மூன்று மாதம். சில நாள் பால்காரரிடம் "ஒரு பாக்கெட் போதும்" என்று சொன்னதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். தனியாக இருப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, கேனில் இருந்த மிச்ச ஆயிலை நாலு சொட்டு அட்டையில் விட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் கறை பார்த்துத் தரம் பிரித்தவன் நான். எனக்கா ஒரு கறை வைக்கத் தெரியாது?

பாய் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, அதன் நுனியை என் கறைக்குப் பக்கத்திலேயே ஒற்றினார். எஞ்சினுக்குள் ஓடிய ஆயில் கன்னங்கரேலென்று பதிந்தது. என்னுடையது தேன் நிறத்தில் மினுமினுத்தது. எனக்குக் காது சுட்டது.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அட்டையை நாலாக மடித்து ஒரு பழைய டயருக்குள் போட்டார்.

"லீக்குதான் சார். கம்மிதான், ஆனா அப்டியே உட்டா பேஜாராயிடும். சனிக்கிழமை சனிக்கிழமை வண்டிய எடுத்துனு வந்துடுங்க, பாத்துனே இருக்கணும்."

அவர் டீக்கடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ரெண்டு டீ! ஒண்ணு சக்கரை இல்லாம!"